இளவரசருக்கு எழுதிக் கொடுத்த தீவு

மொழிபெயர்ப்புத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, தெரியாத சொல் வந்து விழுந்தால் என்ன செய்வது என்பதுதான். தெரியாத சொல்லால் நான் பெரிய வில்லங்கம் எதிலும் மாட்டியதில்லை. தெரியாவிட்டால் கேட்கலாம், சுற்றிவளைத்துச் சொல்லலாம். நான் மாட்டியதெல்லாம் நன்றாகத் தெரிந்த சொற்களிடம்தான். அவற்றுள் ஒன்று ‘உடன்படிக்கை’. அந்த ஒரு சொல்லோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்லி வைக்கலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் அது வரும். வேறு உடுப்பில் வரும், அவ்வளவுதான்.

அப்போது நான் ஜெர்மனியின் எசன் நகரில் இருந்தபடி ஜெர்மன், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் வேலை செய்துகொண்டிருந்தேன். ஓய்வுபெறக் கொஞ்சக் காலம்தான் மிச்சம். தொடக்கத்தில் அகதி விசாரணைகளுக்குத் தமிழ் பேசப் போனவள், பிறகு பரீட்சைகள் எழுதி மாநாடுகளுக்கும் போகத் தொடங்கியிருந்தேன். அந்த வருடம் ருர் பகுதி நகரம் ஒன்று, ஒரு சின்னத் தீவு நாட்டின் ஜனாதிபதியை விருந்தினராக அழைத்திருந்தது. இலங்கை அல்ல, உடனே ஆளைத் தேடாதீர்கள். உலகப் படத்தில் அந்த நாட்டின் பெயரை அச்சடித்தால் எழுத்துகள் நாட்டைவிட நீளமாக இருக்கும். அவர் ஒரு மாநாட்டுக்காக ஜெர்மனி வந்தவர். திரும்பிப் போவதற்கு முன் இரண்டு நாள் இந்த நகரத்தில் தங்கினார். அவருடைய ஆங்கிலத்தை ஜெர்மனுக்கும், மற்றவர்களின் ஜெர்மனை ஆங்கிலத்துக்கும் மாற்றுவது என் வேலை.

ஒரு விஷயம் முன்கூட்டியே. இந்தக் கதையில் பேசுகிறவர்களில் என்னையும் இன்னும் ஒருவரையும் தவிர எவரும் தமிழர் இல்லை. ஆனாலும் யார் எந்த மொழியில் பேசினாலும் என் மண்டைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் ஓடும். அப்படியே எழுதுகிறேன்.

ஜனாதிபதி பெரிய உருவம், அதைவிடப் பெரிய சிரிப்பு. எதையும் மறுக்கத் தெரியாத மனிதர். ஹோட்டல் வாசலில் பூ விற்றவரிடம் பூ வாங்கி, அந்தப் பூவைத் திரும்ப அவருக்கே பரிசாகக் கொடுத்தவர். அவரோடு ஒரு சட்ட ஆலோசகர் வந்திருந்தார். மெலிந்த பெண்மணி. சிரிக்க வேண்டிய இடங்களில் தலையை மட்டும் அசைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை நகரசபை எங்களைக் கார்னிவல் விழா ஒன்றுக்கு அழைத்தபோது ஆலோசகர் வரவில்லை.

“எனக்கு வாசிக்கக் கனக்கக் கிடக்கு. கூத்தும் பாட்டும்தானே, அங்க சட்டத்துக்கு என்ன வேலை?” என்றார்.

கார்னிவலை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலம் முடியும் முன், ரைன், ருர் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு கார்னிவல் சங்கமும் தனக்கென்று ஓர் இளவரசரைத் தெரிவு செய்யும். அவருக்கு மெய்க்காவலர், செங்கோல், பிரகடனம் எல்லாம் உண்டு. முழுக்க முழுக்க வேடிக்கை. ஆனால் ஜெர்மன்காரர் வேடிக்கை செய்தாலும் அதற்குச் சட்டவிதி எழுதி, கூட்டம் கூட்டி, வாக்கெடுத்துத்தான் செய்வார்கள்.

எங்கள் இளவரசர் வார நாட்களில் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கும் தொழில் செய்பவர். அன்று வெள்ளைக் காலுறையும் மணி வைத்த கோட்டும் நீண்ட இறகு செருகிய தொப்பியுமாக மேடையில் நின்றார். அவருக்குப் பின்னால் நீள மேசையில் வண்ணத் தொப்பி போட்ட பதினொரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் பதினொருவர் சபை. விழாவை நடத்துவது அவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். வேறு என்ன அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது என்று அப்போது தெரியாது.

காலையிலேயே பியர் வந்துவிட்டது. இரண்டாவது கிளாஸோடு ஜனாதிபதி எழும்பி வாழ்த்துச் சொன்னார்.

“எங்கட நாட்டில ஆக்களைவிடத் தீவுகள்தான் கூட. இளவரசருக்கு ஒண்டு வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு போங்கோ!”

மொழிபெயர்த்தேன். மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் இளவரசருக்கு ஓர் எழுத்தர் இருந்தார், வாத்து இறகோடும் சுருள் காகிதத்தோடும். எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனுஷன் மும்முரமாக எழுதினார். பிறகு மணி அடித்து அமைதிப்படுத்திவிட்டு வாசித்தார். தலைப்பு ‘ஸ்டாட்ஸ்ஃபெர்ட்ராக்’. அரசுக்கும் அரசுக்கும் இடையில் எழுதப்படும் உடன்படிக்கை. முதலாவது உறுப்புரை: இரு நாடுகளுக்கும் நித்திய நட்பு. இரண்டாவது: பனைமரம் உள்ள தீவொன்று இளவரசருக்கு நிரந்தர உரிமையாக வழங்கப்படுகிறது. மூன்றாவது: பதிலுக்கு இளவரசர், அந்த நாட்டின் சுதந்திர தினத்துக்கு வருடாவருடம் தேவையான பியர் முழுவதையும் அனுப்பி வைப்பார். தென்னையைத்தான் அவர் பனை என்று எழுதியிருந்தார். அது இரண்டாவது பிரச்சினை. முதலாவது அந்தத் தலைப்பு.

வெறும் ‘ஃபெர்ட்ராக்’, அதாவது ஒப்பந்தம், என்று இருந்திருந்தால் எனக்கு நழுவ இடம் இருந்திருக்கும். இந்த நாட்டில் கைத்தொலைபேசி வாங்கினாலும் ஃபெர்ட்ராக், வீடு வாடகைக்கு எடுத்தாலும் ஃபெர்ட்ராக். ஆனால் முன்னால் ‘ஸ்டாட்’ வந்தால் ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்தான். ஜனாதிபதியின் காதருகே குனிந்தேன்.

“ஐயா, இதில ‘ட்ரீட்டி’ எண்டு எழுதியிருக்கு.”

“வடிவான சொல்லு,” என்றார் அவர். எழுத்தர் கேட்டபடியே ஜனாதிபதி முழுப் பதவிப் பெயரோடும் கையெழுத்து வைத்தார். இளவரசரும் வைத்தார். சுற்றி நின்றவர்கள் படம் பிடித்தார்கள்.

திரும்பும்போது எங்கள் காரை ஓட்டியவர் யோகநாதன் அண்ணை. நகரசபை வாடகைக்கு எடுத்த காரின் சாரதி, யாழ்ப்பாணத்தவர், எனக்கு முன்பே பழக்கம். பின் இருக்கையில் ஜனாதிபதி மெல்லிய குறட்டையோடு சாய்ந்திருந்தார். அண்ணை கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டுத் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

“தங்கச்சி, உவர் தீவொண்டை ஆருக்கோ குடுத்திட்டாராமே?”

“ஆர் சொன்னது?”

“கனடாவில இருந்து மச்சான் வீடியோ அனுப்பியிருக்கிறான். அதில நீங்களும் நிக்கிறியள். நல்ல வடிவா இருக்கிறியள்.”

அந்தப் புகழ்ச்சியை ரசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஹோட்டல் வரவேற்பறையில் ஆலோசகர் நின்றுகொண்டிருந்தார். கையில் கைத்தொலைபேசி, அதில் அதே வீடியோ சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. வணக்கம் கூடச் சொல்லவில்லை.

“என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனீங்கள்?”

“ஒரு பகிடிக்கு,” என்றார் ஜனாதிபதி.

ஆலோசகர் எங்களை ஒரு மூலைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து விளக்கினார். அவர்களுடைய அரசியலமைப்பின்படி, பாராளுமன்றம் அங்கீகரிக்கும் முன் எந்த உடன்படிக்கையிலும் ஜனாதிபதி கையெழுத்து வைக்கக் கூடாது. நிலம் கொடுப்பதென்றால் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை வேண்டும். மீறினால் பதவி நீக்கலாம். இவர் ஏற்கெனவே ஒரு தடவை, பக்கத்து நாட்டு விருந்தொன்றில், மீன்பிடி உடன்படிக்கை ஒன்றுக்கு ஆசையாகக் கையெழுத்து வைத்துவிட்டார். இன்னொரு முறை நடந்தால் மன்னிப்பில்லை என்று பாராளுமன்றம் தீர்மானமே நிறைவேற்றியிருந்தது. இவரை விலக்க எதிர்க்கட்சிக்கு ஒரே ஒரு வாக்குத்தான் குறைவாக இருந்தது. இங்கே ஞாயிறு இரவாகும்போது அங்கே திங்கள் காலை, பாராளுமன்றம் கூடும் நேரம்.

“எங்கட சட்டம் அப்பிடி எண்டு சொல்லித் தப்பேலாதோ?” என்று கேட்டார் ஜனாதிபதி.

“லேசில ஏலாது. நாட்டுத் தலைவர் கையெழுத்து வைச்சால், அவருக்கு அதிகாரம் இருக்கெண்டுதான் உலகம் எடுக்கும். பிறகு வந்து எங்கட அரசியலமைப்பு விடாது எண்டால், அதை மற்றப் பக்கமும் தெளிவாத் தெரிஞ்சிருக்க வேணும் எண்டு கேப்பினம். இஞ்ச ஜெர்மனியிலயும் முக்கியமான உடன்படிக்கைக்கு முதல்ல பாராளுமன்றம், பிறகுதான் ஜனாதிபதியின்ர கையெழுத்து. அது ஊரறிஞ்ச விஷயம். எங்கட நாட்டின்ர சட்டம் ஆருக்குத் தெரியும்? எங்கட நாட்டையே ஆருக்குத் தெரியும்?”

“ஆனா அவர் உண்மையான இளவரசர் இல்லையே! பாத்ரூமுக்கு ஓடு பதிக்கிறவர்!”

“அது இஞ்ச இருக்கிறவைக்குத் தெரியும். எங்கட ஆக்களுக்கு அவர் ஐரோப்பிய இளவரசர். வீடியோவில செங்கோல் இருக்கு. மெய்க்காவலர் நிக்கினம்.”

ஜனாதிபதி என் பக்கம் திரும்பிச் சிரித்தார். மிக இனிமையான சிரிப்பு. ஏதோ கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. இந்தத் தொழிலில் அந்தச் சிரிப்பை நான் நாலைந்து பேரிடம் கண்டிருக்கிறேன்.

“அம்மா, இது மொழிபெயர்ப்பில வந்த சின்னத் தவறு எண்டு ஓர் அறிக்கை விட்டால் என்ன? நீங்கள் ‘வாழ்த்து மடல்’ எண்டு சொல்ல நினைச்சு, வாய் தவறி ‘ட்ரீட்டி’ எண்டு சொல்லிப்போட்டியள். ஒருத்தருக்கும் நோகாது.”

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். உங்களிடமும் யாராவது ஒரு நாள் இதைக் கேட்பார்கள். அதட்டிக் கேட்டால் மறுப்பது சுலபம். அன்பாகத்தான் கேட்பார்கள். அவர் நல்ல மனிதர், ஒரு நாடே கவிழப் போகிறது, நான் எப்படியும் ஓய்வுபெறப் போகிறவள். ஓம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“ஐயா, நீங்கள் அப்பிடி அறிக்கை விட்டால் நான் வெளியில போய் மறுக்க மாட்டன். உங்களோட இருந்து கேட்டதை நான் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. ஆனா நான் பிழையாச் சொன்னன் எண்டு என்ர வாயால சொல்ல மாட்டன். ஏனெண்டால் நான் சரியாத்தான் சொன்னனான்.”

இதைச் சொல்லிவிட்டு, அவர் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் இன்னொன்றையும் சேர்த்தேன்.

“மற்றது, என்ர குரலும் அந்த வீடியோவில இருக்கு. ‘ட்ரீட்டி எண்டு எழுதியிருக்கு’ எண்டு நான் சொல்லிறது தெளிவாக் கேக்குது. ‘வடிவான சொல்லு’ எண்டு நீங்கள் சொல்லிறது அதைவிடத் தெளிவாக் கேக்குது.”

ஆலோசகர் முதல் முறையாகச் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டு என்னைக் கேட்டார்.

“அந்த இளவரசருக்கு ஆர் அதிகாரம் குடுத்தது?”

“சங்கம். பதினொருவர் சபை எண்டு ஒண்டு இருக்கு.”

“அவையளைக் கேக்காமல் அவர் தனியக் கையெழுத்து வைக்கலாமோ?”

“எனக்குத் தெரியாது. கேட்டுப் பாக்க வேணும்.”

“எழும்புங்கோ,” என்றார் ஆலோசகர். “ஒருவேளை அவரும் எங்கட ஆளைப் போல ஒருத்தரோ தெரியாது.”

யோகநாதன் அண்ணை எங்களைத் திரும்பக் கொண்டுபோய் இறக்கினார். “தீவைத் திருப்பி வாங்கவோ போறியள்?” என்று கேட்டார். ஓம் என்றேன். “குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறது வெக்கம்தான். நான் வெளியில நிக்கிறன்,” என்றார்.

இளவரசர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உருளைக்கிழங்குச் சலாட்டும் சொசேஜும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆலோசகரின் கேள்வியை மொழிபெயர்த்தேன். முள்ளுக்கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் முதலில் சபை மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

“அதை ஏன் இப்ப கேக்கிறியள்? மெல்லமாக் கதையுங்கோ.”

“கேட்டனீங்களோ இல்லையோ?”

“இல்லை. சங்கத்துக்குச் செலவு வாற எதையும் சபையின்ர வாக்கெடுப்பு இல்லாமல் நான் செய்யேலாது. பியர் எண்டு எழுதேக்குள்ள நான் அதை யோசிக்கேல்லை.”

ஜனாதிபதியும் இளவரசரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வையை மொழிபெயர்க்க வேண்டிய தேவை வரவில்லை.

ஆலோசகர் உடனடியாகச் சபையைக் கூட்டும்படி கேட்டார். சபைத் தலைவர், ட்ராம் வண்டியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர், மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார். சபையின் முன் யார் பேசினாலும் மேடையிலுள்ள பீப்பாய்க்குள் நின்றுதான் பேச வேண்டும். அது அவர்களுடைய மரபு. பெரிய மரப் பீப்பாய், பின்னால் படி வைத்தது. ஆலோசகர் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறி நின்று, “நீங்களும் வாங்கோ,” என்றார் என்னிடம். அந்தப் பீப்பாய் ஒருவருக்காகச் செய்தது. நாங்கள் இருவரும் அதற்குள் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அவர் மூச்சு விட்டால் நான் மூச்சை அடக்க வேண்டியிருந்தது.

“எதுகை மோனையோட பேச வேணுமாம், அதுதான் வழக்கம்,” என்று அவர் காதில் சொன்னேன்.

“அரசியலமைப்புக்கு எதுகை இல்லை,” என்றார்.

விருந்தினர் என்பதால் தலைவர் அதை மன்னித்தார். ஆனால் வாத்தியக் குழுவை மன்னிக்கச் சொல்ல அவர் மறந்துவிட்டார். பீப்பாயிலிருந்து வரும் ஒவ்வொரு நல்ல வரிக்கும் மேளமும் ஊதுகுழலும் முழங்கும். ஆலோசகர் தொடங்கினார். “எங்கட அரசியலமைப்பின்படி, பாராளுமன்றத்தின்ர அங்கீகாரம் இல்லாமல் ஜனாதிபதி உடன்படிக்கை செய்யேலாது.” நான் ஜெர்மனில் சொல்லி முடித்ததும் மேளம் இடித்தது, மண்டபம் கைதட்டியது. ஆலோசகர் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார். “நிலத்தைக் குடுக்கிறதெண்டால் மூண்டில ரெண்டு பங்கு வேணும்.” மறுபடியும் மேளம். மூன்றாவது வாக்கியத்தில் அவர் மேளத்துக்காகத் தானே இடைவெளி விட்டார்.

எனக்குப் பெரிய சபலம் வந்தது. சனம் சிரிக்கக் காத்திருக்கிறது. ஒரு சொல்லைக் கொஞ்சம் திருகினால் போதும், மண்டபம் என்னைத் தோளில் தூக்கும். நான் திருகவில்லை. அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே, வறட்சியாகவே சொன்னேன். அதனால்தான் அடுத்து அவர் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

“எங்கட நாட்டில கடல் ஏறிக்கொண்டு வருது. நாங்கள் சின்னப் பிள்ளையளா இருக்கேக்குள்ள நீந்திப் போன மணல் திட்டி ஒண்டு இப்ப இல்லை. மிச்சம் இருக்கிறதில ஒரு பிடி மண்ணைக்கூட ஒரு தனி ஆள் குடுக்கக் கூடாது எண்டு எழுதி வைச்சிருக்கிறம். எங்கட ஜனாதிபதி கெட்டவர் எண்டு அதை எழுதேல்லை. அவர் நல்லவர், இல்லை எண்டு சொல்லத் தெரியாதவர். அவருக்காகத்தான் அந்தச் சட்டம்.”

மேளக்காரர் தூக்கிய குச்சியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கோமாளி உடுப்பில் இருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஜனாதிபதி தூண் ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சபை மேசையின் ஒரு முனையிலிருந்து தடித்த மனிதர் ஒருவர் எழும்பினார்.

“தீவு அவையளின்ர. அது அவையளுக்கே இருக்கட்டும். எனக்கு ஒரு கேள்வி. அந்தப் பியரை ஆர் குடுக்கிறது?”

எழுத்தர் மூன்றாவது உறுப்புரையைத் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று.

“வருஷா வருஷமோ?”

“வருஷா வருஷம்.”

“ஒரு முழு நாட்டுக்கோ?”

அதன்பிறகு சபையில் நடந்ததை நான் ஆலோசகருக்கு முழுமையாக மொழிபெயர்க்கவில்லை. சாராம்சம் மட்டும் சொன்னேன்: இளவரசரைத் தெரிவு செய்தது இதற்காக இல்லை, அவர் ஓடு பதிக்கும் வேலையையே பார்த்திருக்கலாம். இளவரசர் செங்கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலை குனிந்து நின்றார். வாக்கெடுப்பு நடந்தது. பதினொரு கைகளும் எதிராக உயர்ந்தன. சபையைக் கேட்காமல் இளவரசர் செய்த உடன்படிக்கையைச் சபை நிராகரிக்கிறது, ஆகவே அது ஒருபோதும் நடைமுறைக்கு வரவில்லை என்று தலைவர் அறிவித்தார்.

இவற்றையெல்லாம் மண்டபத்தில் ஒருவர் பிடித்த வீடியோவை வாங்கி ஆலோசகர் ஊருக்கு அனுப்பினார். அது அங்கே பாராளுமன்றத்தில் பெரிய திரையில் போடப்பட்டதாகப் பிறகு எனக்கு எழுதினார். இரண்டு பெண்கள் ஒரு பீப்பாய்க்குள் நின்று தங்கள் அரசியலமைப்பை வாசிப்பதையும் அதற்கு மேளம் அடிப்பதையும் பார்த்த பிறகு, சபையின் சிரிப்பில் எதிர்க்கட்சித் தலைவரால் தன் உரையை வாசித்து முடிக்க முடியவில்லையாம். பதவி நீக்கப் பிரேரணை வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஆனால் நாங்கள் இன்னும் மண்டபத்தில்தான் நிற்கிறோம், அங்கே ஒரு காரியம் பாக்கி இருந்தது.

சபைத் தலைவர் ஒழுங்கான மனிதர். எழுத்தரைக் கொண்டு புதிதாக ஒரு தாள் எழுதுவித்து மேசையில் விரித்தார். இரு தரப்பும் முந்தைய உடன்படிக்கையை இரத்துச் செய்வதாக ஒத்துக்கொள்கின்றன என்று அதில் இருந்தது. இளவரசர் ஒரு பக்கம், ஜனாதிபதி மறு பக்கம். ஜனாதிபதி பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளின் மேல் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி, ஆலோசகரைத் திரும்பிப் பார்த்தார்.

“இதுக்கு நான் கையெழுத்து வைக்கலாமோ?”

ஆலோசகர் என்னை ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். யோசித்தார்.

“ரெண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளிறதெண்டால் இதுவும் உடன்படிக்கைதான். முதல்ல பாராளுமன்றத்துக்குப் போக வேணும்.”

அதை நான் ஜெர்மனில் சொன்னதும் இளவரசர் தன் பேனாவைச் சட்டென்று கீழே வைத்துவிட்டுச் சபையைப் பார்த்தார். சபைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு வாக்கெடுப்புக்கு யாருக்கும் தெம்பு இருக்கவில்லை.

ஜனாதிபதி பேனாவை மூடினார்.

“கை குலுக்கலாமோ?”

ஆலோசகர் உண்மையாகவே யோசித்தார்.

“குலுக்கலாம்,” என்றார் கடைசியில். “ஆனா ஒண்டும் கதைக்கக் கூடாது.”

இருவரும் கை கொடுத்தார்கள். நெடுநேரம் குலுக்கினார்கள். சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள், கண்ணில் நீர் முட்டியது. மண்டபம் முழுவதும் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவர்கள் இருவருக்கும் நடுவே, வாயை இறுக மூடிக்கொண்டு, என் வேலையைச் செய்தேன்.